சிறுவர் மூளையின் வெள்ளைப் புள்ளிகள்: எம்.ஆர்.ஐ. படம் சொல்வதும் சொல்லாததும்

காய்ச்சலும் தடிமனும் வந்து மாறிய ஓரிரு வாரங்களின் பின்னர் ஐந்து அல்லது ஆறு வயதுப் பிள்ளையொன்று திடீரெனத் தள்ளாடி நடக்கத் தொடங்குகிறது. பகலிலும் உறங்கி விழுகிறது. கூப்பிட்டால் குழப்பமாகப் பதில் சொல்கிறது. சில வேளைகளில் வலிப்பும் ஏற்படுகிறது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட அறிக்கையின் இறுதிப் பகுதியில் 'டிமயலினேஷன்' என்றொரு சொல் காணப்படுகிறது. வைத்திய நிபுணரைச் சந்திப்பதற்கு முன்னரே அச்சொல்லைக் கையடக்கத் தொலைபேசியில் தேடிப்பார்க்கும் பெற்றோர், வாழ்நாள் முழுவதும் தொடரும் நோயொன்றின் பெயரைக் கண்டு இடிந்துபோய்விடுகின்றனர்.

உண்மையில் அந்தச் சொல் ஒரு நோயின் பெயரன்று. நரம்பு நார்களைச் சுற்றியிருக்கும் மயலின் என்னும் உறை சிதைந்திருப்பதாகத் தோன்றுகிறது என்பதே அதன் பொருள். இந்தச் சிதைவு ஒரேயொரு தடவை ஏற்பட்டு மாறிவிடும் நோயினாலும் நேரலாம். திரும்பத் திரும்பத் தாக்கும் நோயினாலும் நேரலாம். பிறப்பிலேயே கூடிவந்த பரம்பரைக் குறைபாட்டினாலும் நேரலாம். இம்மூன்றுக்கும் சிகிச்சை வேறு, எதிர்காலம் வேறு. ஆனால் முதல் நாள் எடுக்கப்படும் படத்தில் இவை ஒன்றையொன்று ஒத்திருக்கக்கூடும் என்பதிலேயே சிக்கல் இருக்கிறது.

மயலின் என்பது கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு படலம். மின்சாரக் கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறைக்கு அதனை ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை முற்றிலும் பொருத்தமானதன்று. இந்த உறை இடையிடையே சிறு இடைவெளிகளை விட்டுவிட்டே அமைந்துள்ளது. அந்த இடைவெளிகளினூடாக நரம்புக் கணத்தாக்கம் தாவித் தாவிச் செல்கிறது. உறையற்ற நரம்பு நாரில் செக்கனுக்கு ஒன்றிரண்டு மீற்றர் தூரமே செல்லக்கூடிய செய்தி, தடித்த உறையுடைய நாரில் 100 மீற்றர் வரை செல்வது இதனாலேயே. உறை சிதைந்த இடத்தில் செய்தி தாமதமாகும் அல்லது நின்றுவிடும். சிதைவு பார்வை நரம்பில் ஏற்பட்டால் கண் மங்கும். முண்ணாணில் ஏற்பட்டால் கால்கள் சோரும், சிறுநீர் தடைப்படும். சிறுமூளையில் ஏற்பட்டால் நடை தடுமாறும்.

இச்சிதைவை உயிருள்ள மனிதனில் காண்பதற்கு நீண்ட காலம் வழியிருக்கவில்லை. 1868ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் ஷோன் மார்த்தன் ஷார்கோ, மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் எம்.எஸ். நோயைத் தனியொரு நோயாக விபரித்தபோது, நோயாளர் இறந்த பின்னர் மூளையை வெட்டிப் பார்த்தே அதிலுள்ள தழும்புகளை அடையாளங் கண்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைமை பெரிதாக மாறவில்லை. எழுபதுகளில் வந்த சீ.ரி. ஸ்கான் கருவியும் இவ்விடயத்தில் அதிகம் உதவவில்லை.

காந்தப் புலத்தைக் கொண்டு உருவம் அமைக்கும் முறையை அமெரிக்காவின் போல் லோட்டர்பர் 1973இல் வெளியிட்டார். அதனை வளர்த்தெடுத்த பிரித்தானியரான பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் அவருக்கும் 2003இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1981இல் லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையின் குழுவினர் எம்.எஸ். நோயாளர் பத்துப் பேரை இரு முறைகளாலும் சோதித்தனர். சீ.ரி. ஸ்கான் காட்டிய பாதிப்புகள் 19. புதிய கருவி அந்தப் பத்தொன்பதையும் காட்டி, மேலும் 112 பாதிப்புகளையும் காட்டியது. இந்த நோய்களின் ஆய்வில் அதன் பின்னர் பழைய நிலைக்குத் திரும்பும் பேச்சே எழவில்லை எனலாம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொழும்பில் பொரளைப் பக்கம் எம்.ஆர்.ஐ. என்றால் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தையே பலரும் நினைப்பர். கருவியின் பெயர் வேறு வரலாறு உடையது. தொடக்கத்தில் அதன் பெயரில் அணுக்கருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இருந்தது. மக்கள் அணுகுண்டையும் கதிர்வீச்சையும் எண்ணி அஞ்சுவர் என்பதால் அது நீக்கப்பட்டது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இல்லை. எக்ஸ் கதிரோ வேறு கதிரியக்கமோ இங்கு பயன்படுவதில்லை. உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்களை வலிமையான காந்தம் ஒழுங்குபடுத்துகிறது. வானொலி அலை அவற்றைச் சற்றுக் குலைக்கிறது. அவை பழைய நிலைக்குத் திரும்புகையில் வெளியிடும் சமிக்ஞையிலிருந்து கணினி படத்தை அமைக்கிறது. வழக்கமாகப் பாவனையிலுள்ள 1.5 ரெஸ்லா வலுவுடைய கருவியின் காந்தப் புலம், பூமியின் காந்தப் புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே கருவி பெரும்பாலும் 'பார்ப்பது' நீரையே.

அறிக்கையொன்றைக் கையில் வைத்திருப்போர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியதும் இதுவே. கொழுப்புச் செறிந்த மயலின் சிதைந்து அவ்விடத்தில் நீர்த்தன்மை கூடும்போது, ரி2, பிளெயர் என்று அழைக்கப்படும் படவகைகளில் அவ்விடம் வெண்மையாகத் தோன்றுகிறது. ஆனால் வீக்கத்தாலும் நீர் கூடும். கிருமித் தொற்றாலும் கூடும். இரத்தவோட்டம் தடைப்பட்டாலும் கூடும். வெள்ளைப் புள்ளி என்பது 'இங்கே ஏதோ நடந்திருக்கிறது' என்ற சாட்சியம் மாத்திரமே. யார் செய்தது என்பதை அது தனித்து நின்று சொல்லாது. புள்ளிகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு பெரியவை, விளிம்பு கூர்மையானதா மங்கலானதா, இரு பக்கமும் ஒரே சீராக உள்ளனவா என்பவற்றை வைத்தே கதிரியக்க வைத்திய நிபுணர் ஒரு கருத்துக்கு வருகிறார்.

சிறுவர் விடயத்தில் இன்னொரு கடினமும் உண்டு. பிறந்த குழந்தையின் மூளையில் மயலின் இன்னும் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. மூளைத்தண்டிலிருந்து மேல்நோக்கியும், பிற்பகுதியிலிருந்து முன்நோக்கியும் அது படிப்படியாக ஏறிவருகிறது. ஏறத்தாழ இரண்டு வயதளவிலேயே படம் வளர்ந்தோரின் படத்தைப் போலத் தோன்றத் தொடங்கும். நுண்ணிய வளர்ச்சி இருபது வயதுகள் வரையும் நீடிக்கும். ஆகவே எட்டு மாதக் குழந்தையின் படத்தை வளர்ந்தோரின் படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணால் வாசித்தால், இயல்பானது நோயாகவும் நோய் இயல்பானதாகவும் தோன்றக்கூடும். குழந்தையின் வயதை மாதக் கணக்கில் அறியாமல் படத்தை வாசிப்பதில் பொருளில்லை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பிள்ளையிடம் திரும்புவோம். காய்ச்சலுக்குப் பின் மயக்கமும் தள்ளாட்டமும் கொண்ட அத்தகைய பிள்ளைக்குப் பெரும்பாலும் இருப்பது 'அடெம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோயே. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் எதிர்ப்புச் சக்தி, வழிதவறித் தனது மூளையையே தாக்குகிறது. பத்து வயதுக்குட்பட்டோரிடமே இது அதிகம். டெங்குக் காய்ச்சலுக்குப் பின்னரும் மிக அரிதாக இது ஏற்பட்டமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. நாய்க்கடிக்காகத் தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட ஊசிகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டேவிட் செம்பிள் 1911இல் இந்தியாவின் கசௌலியில் உருவாக்கிய அத்தடுப்பு மருந்து, விலங்கின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. அதிலிருந்த மயலினுக்கு எதிராகச் சிலரின் உடல் கிளர்ந்தெழுந்தமையால், அவர்கள் விசர்நாய்க்கடி நோய்க்குத் தப்பியும் மூளை அழற்சிக்கும் பக்கவாதத்துக்கும் ஆளாயினர். இந்தியாவில் இம்மருந்தின் உற்பத்தி 2004இன் இறுதியிலேயே நிறுத்தப்பட்டது.

அடெம் நோயில் எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் அச்சமூட்டுவதாகவே இருக்கும். மூளையின் இரு பக்கங்களிலும், ஒரு சென்ரிமீற்றருக்கும் இரண்டு சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட பெரிய, விளிம்பு மங்கிய வெள்ளைத் திட்டுக்கள் பரவியிருக்கும். மூளையின் ஆழத்திலுள்ள தலமசு போன்ற சாம்பல் நிறப் பகுதிகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் நோயின் போக்கு படத்தைப் போல் பயங்கரமானதன்று. நாளத்தினூடாகச் சில நாட்களுக்கு உயர் அளவில் ஸ்டீரொயிட் மருந்து ஏற்றப்பட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் எழுந்து நடக்கின்றனர். மாறாக, நோய் தொடங்கிய முதல் நாட்களில் படம் முற்றிலும் இயல்பாகத் தோன்றி, திட்டுக்கள் பல நாட்கள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு. பிள்ளை சோர்ந்து கிடக்கும்போது 'ஸ்கான் நல்லாயிருக்கிறது' என்று வீட்டுக்கு அழைத்துச் செல்வது ஆபத்தானது.

எம்.எஸ். நோயின் படம் வேறு வகையானது. திட்டுக்கள் சிறியவை, விளிம்பு தெளிவானவை, முட்டை வடிவினை ஒத்தவை. மூளையின் நடுவிலுள்ள நீரறைகளின் ஓரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருப்பவை. எம்.எஸ். நோயாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையிலானோருக்கே 18 வயதுக்கு முன்னர் நோய் தொடங்குகிறது. அவர்களிலும் பெரும்பாலானோர் பதின்ம வயதினர். கனடாவின் ரொரன்ரோ சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வகுத்த எளிய அளவுகோல் ஒன்று உண்டு. இருபுறமும் பரவலாகத் திட்டுக்கள் இல்லாதிருத்தல், நீரறை ஓரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட திட்டுக்கள் இருத்தல், ரி1 எனப்படும் படத்தில் 'கருந்துளைகள்' தென்படுதல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் அடெம் நோயைவிட எம்.எஸ். நோயையே சந்தேகிக்க வேண்டும் என்பது அது. கருந்துளை என்பது பழைய காயம். முதல் முறை நோயுற்ற பிள்ளையின் படத்தில் பழைய காயம் இருக்குமானால், நோய் சத்தமின்றி முன்னரே வந்துபோயிருக்கிறது என்பது தெளிவு.

இங்கேதான் காலம் என்னும் அம்சம் நுழைகிறது. எம்.எஸ். நோயை உறுதிசெய்யும் சர்வதேச அளவுகோலை 2001இல் இயன் மக்டொனால்ட் தலைமையிலான குழு வகுத்தது. அது பல தடவைகள் திருத்தப்பட்டு வந்துள்ளது. நரம்புத் தொகுதியின் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு காலங்களிலும் தாக்குதல் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. கடோலினியம் சேர்ந்த ஊசி மருந்து ஏற்றி எடுக்கப்படும் படத்தில் புதிய காயங்கள் ஒளிரும், பழையவை ஒளிராது. ஆகவே ஒரே நாளின் படத்திலும் இரு காலங்களைக் காண முடிகிறது. 2025இல் வெளியான 2024ஆம் ஆண்டுத் திருத்தம் பார்வை நரம்பையும் இடங்களின் பட்டியலில் சேர்த்ததோடு, திட்டின் நடுவே நுண்ணிய நாளமொன்று ஓடுவதையும் சான்றாக ஏற்றுக்கொண்டது. வேறு சான்றுகள் வலுவாக இருந்தால் காலப் பிரிவினைக் கட்டாயமில்லை என்றும் தளர்த்தியது. வளர்ந்தோர் விடயத்தில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, அதிலும் அடெம் போன்ற தோற்றத்துடன் வரும் பிள்ளைக்கு, முதல் படத்தை வைத்து எம்.எஸ். என்று பெயர் சூட்டுவதில் அவசரம் காட்டாமலிருப்பதே நல்லது என்பது எமது எண்ணம். சிறுவர் எம்.எஸ். நோய்க்கான சர்வதேச ஆய்வுக் குழு 2013இல் திருத்திய வரையறையும், அடெம் என்று கூறுவதற்கு, மூன்று மாதங்கள் கடந்த பின்னர் புதிய தாக்குதலோ புதிய திட்டுக்களோ தோன்றாதிருக்க வேண்டும் என்கிறது.

அவசரம் வேண்டாம் என்பதற்குப் பலமான காரணம் இரத்தப் பரிசோதனையிலிருந்து வந்தது. 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வண்டா லெனன் குழுவினர், பார்வை நரம்பையும் முண்ணாணையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற நோயில் தனித்துவமான பிறபொருளெதிரி ஒன்று இருப்பதைக் கண்டனர். அது அக்குவாபோரின்-4 எனும் புரதத்தைத் தாக்குவது மறு ஆண்டில் தெரியவந்தது. நெடுங்காலமாக எம்.எஸ். நோயின் ஒரு வகையென்று கருதப்பட்டு வந்தது உண்மையில் வேறொரு நோய். எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கப்படும் இன்டர்பெரோன், பிங்கோலிமொட், நட்டலிசுமப் ஆகிய மருந்துகள் என்.எம்.ஓ. நோயாளரின் நிலையை மேலும் மோசமாக்கக்கூடும். பெயரில் நேரும் பிழை இங்கு வெறும் ஏட்டுப் பிழையன்று. பிள்ளையின் கண்ணையும் காலையும் பறிக்கக்கூடிய பிழை. நாட்கணக்கில் ஓயாத விக்கலும் வாந்தியுமாக வயிற்று நோய்ச் சிகிச்சைக்கு அலைந்த சில பிள்ளைகளின் மூளைத்தண்டில் இந்நோயின் திட்டு இருந்தமையையும் எம்.ஆர்.ஐ. வெளிப்படுத்தியிருக்கிறது.

அடுத்து வந்தது எம்.ஓ.ஜி. எனப்படும் மயலின் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி. அடெம் நோயுற்ற பிள்ளைகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடம் இது காணப்படுகிறது. இதற்கான சர்வதேச அளவுகோல் 2023இல் வெளிவந்தது. இந்நோயின் படத்தில் ஒரு விநோதம் உண்டு. முண்ணாணில் மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கும் மேலாகப் பரந்த வெண்மை, மூளையில் பெரிய திட்டுக்கள், வீங்கிய பார்வை நரம்பு என்று பயமுறுத்திய படம், சில மாதங்களின் பின் எடுத்துப் பார்த்தால் அடையாளமே இல்லாமல் மறைந்திருக்கும். எம்.எஸ். நோயின் திட்டு பொதுவாகத் தழும்பை விட்டுச் செல்லும். ஆகவே இரண்டாவது படத்தில் என்ன இல்லை என்பதே இங்கு நோயை அடையாளங் காட்டுகிறது. முதல் நாட்களில் கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் சிகிச்சை இந்நோய்கள் யாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பெயரிடுவதில் பொறுமை காப்பதனால் பிள்ளைக்கு இழப்பில்லை.

எனினும் பொறுமை எல்லா இடத்திலும் பொருந்தாது. படத்தில் வெண்மை இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தாற்போல் ஒரே சீராக, குறிப்பாக மூளையின் பிற்பகுதியில் இருந்தால், பரம்பரை நோயொன்றை உடனடியாகத் தேட வேண்டும். 1992இல் வெளிவந்த 'லொரென்சோஸ் ஒயில்' என்ற திரைப்படத்தின் மூலம் உலகறிந்த ஏ.எல்.டி. நோய் இவ்வகையானது. பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயது வரையிலான ஆண் பிள்ளைகளை மூளையில் தாக்கும் இது, படிப்பில் பின்தங்கல், கவனக்குறைவு, காது கேளாமை போன்ற தோற்றங்களில் ஆரம்பிப்பதால், பாடசாலையில் 'குழப்படிக்காரன்' என்று பெயர் வாங்கிய பின்னரே வைத்தியரிடம் வருவோரும் உண்டு. மயலின் சிதைவு சிறிதளவாக இருக்கும்போதே என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தால் நோயை நிறுத்த முடியும். முற்றிய பின்னர் அச்சிகிச்சை பயன் தருவதில்லை. நோய்க்குறி தோன்றுவதற்கு முன்னரே எம்.ஆர்.ஐ. படத்தில் மாற்றம் தெரிந்துவிடுகிறது. ஆகையால் ஒரு பிள்ளைக்கு இந்நோய் உறுதியானதும், நலமாக ஓடியாடும் அவனது சகோதரர்களையும் இரத்தப் பரிசோதனைக்கு உட்படுத்துவதும், குறைபாடு உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுப்பதும் அவசியமாகின்றன.

தெற்காசியாவில் இவை எல்லாவற்றுக்கும் முன் கிருமித் தொற்று இல்லையென்பதை நிச்சயப்படுத்த வேண்டியுள்ளது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் தலமசுப் பகுதியைத் தாக்குவதால் அதன் படம் அடெம் நோயின் படத்தை ஒத்திருக்கலாம். காசநோய் மூளையில் பரவினாலும் குழப்பம் ஏற்படும். ஸ்டீரொயிட் மருந்தைத் தனியே கொடுத்தால் தொற்று பெருகலாம். முதுகில் ஊசி செலுத்தி மூளைய முண்ணாண் பாய்பொருளைச் சோதிப்பது இதற்காகவே. 'முதுகில் தண்ணி எடுத்தால் பிள்ளை நடக்காது' என்ற அச்சத்தில் கையொப்பமிட மறுக்கும் பெற்றோர் இன்றும் உள்ளனர். ஊசி முண்ணாண் முடிவடையும் இடத்துக்குக் கீழேயே செலுத்தப்படுகிறது என்பதை அவர்களது மொழியில் அமைதியாக எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் இந்த மறுப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

மறுபுறத்தில், தேவையற்ற படங்களும் பிரச்சினையே. சாதாரணத் தலையிடிக்காகத் தனியார் நிலையமொன்றில் படம் எடுத்து, அதில் தற்செயலாகத் தென்பட்ட ஓரிரு நுண் புள்ளிகளுக்காக வீடே துயரத்தில் மூழ்குவதுண்டு. நோய்க்குறியும் இல்லாமல், வைத்தியர் பரிசோதித்துக் கண்ட குறைபாடும் இல்லாமல் இருக்கும் இத்தகைய புள்ளிகளில் பல எக்காலத்திலும் நோயாவதில்லை.

பரிசோதனை அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை நீடிக்கும்; கருவியின் சத்தம் பெரிது; அசைந்தால் படம் கலங்கிவிடும். கைக்குழந்தையைப் பாலூட்டித் துணியால் சுற்றி உறங்கவைத்தே படம் எடுத்துவிடலாம். நடக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படுகிறது; ஆகவே எத்தனை மணித்தியாலத்துக்கு உணவு கொடுக்கக்கூடாது என்ற அறிவுறுத்தலைச் சரியாகக் கடைப்பிடிக்க வேண்டும். கடோலினியம் சிறிதளவில் மூளையில் தங்கிவிடுவது தெரியவந்ததை அடுத்து, அதன் சில வகைகளை ஐரோப்பிய மருந்து முகவரகம் 2017இல் கட்டுப்படுத்தியது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அந்த ஊசி தேவைதானா என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை.

மூன்று மாதங்களின் பின்னர் இரண்டாவது படத்துக்காகப் போகும்போது பெற்றோர் பலரும் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுசெல்கின்றனர். நிபுணருக்கு வேண்டியது முதல் படமே. அது பதிவாகிய இறுவட்டு வேறு ஊர் வைத்தியசாலையிலோ, அலுமாரியின் அடித்தட்டிலோ கிடக்கும். திட்டு மறைந்ததா, சுருங்கியதா, புதிதாக முளைத்ததா என்பதை இரண்டு படங்களையும் அருகருகே வைத்தே கூற முடியும் என்பதால், அந்த இறுவட்டையும் பிள்ளையின் கிளினிக் கொப்பியுடன் சேர்த்து வைத்து, போகும் வைத்தியசாலைக்கெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்.